இரண்டு பேருக்கு மோர்க்குழம்பு

ஜனவரி இருபத்தொன்று, புதன்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். அலாரம் ஐந்தேகாலுக்கு. அது அடிப்பதற்கு முன் அதை நிறுத்துவதுதான் என் நாளின் முதல் வேலை. பால் காய்ச்சினேன். டிகாஷன் இறங்கும் நேரத்தில் பால்கனியில் இருக்கும் மூன்று தொட்டிகளுக்கும் தண்ணீர் ஊற்றினேன். கோர்படி ரயில்வே கேட் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி நின்று நின்று போனது. நல்ல குளிர். ஸ்வெட்டரின் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டேன்.

ஆறரைக்கு முருகேசன் கடைக்கு போன் செய்தேன்.

"சொல்லுங்க அக்கா. இன்னைக்கு என்ன சமையல்?"

"மோர்க்குழம்பு. சேப்பங்கிழங்கு வறுவல்."

"எத்தனை பேருக்கு?"

"ரெண்டு பேருக்கு."

"பக்கா. சாருக்குத் தடி மிளகா போட்டுடறேன், காரம் இருக்காது. பூசணி நேத்து வந்தது, ஏக்தம் தளதளன்னு இருக்கு. ஆனா சேம்பு வேணாம் அக்கா. இந்த லாட் வேகவே மாட்டேங்குது. குக்கர்ல எட்டு விசில் வச்சுட்டு நீங்க என்னைத்தான் திட்டுவீங்க. பட்டாட்டா தரட்டுமா?"

"சரி, உருளைக்கிழங்கே குடுங்க."

ஏழு இருபதுக்கு ஸ்கூட்டரில் வந்து பையைக் கொடுத்தார். இரண்டு பேருக்கான பூசணிக்கீற்று, தோல் சீவியது. உருளைக்கிழங்கு மூன்று. காரமில்லாத தடித்த மிளகாய் நான்கு. கட்டைவிரல் அளவு இஞ்சி. கேட்காமலே ஒரு பிடி கறிவேப்பிலை. எல்லாம் அளவாக இருந்தது.

அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான். இன்னொருவர் கிடையாது.

கேள்வி இரண்டுதான்

முருகேசனின் கடை ரயில்வே கேட்டிலிருந்து நடந்தால் நான்கு நிமிடம். பெரிய கடையல்ல. முன்னால் காய்கறிக் கூடைகள், உள்ளே மளிகை, மாடியில் வீடு. அவருடைய தாத்தா ரயில்வே வேலைக்கு வந்தவர். முருகேசன் பிறந்ததும் வளர்ந்ததும் கோர்படியில்தான். தமிழ் பேசுவார், படிக்க வராது. நான் சொல்வதை மராத்தியில் எழுதிக்கொள்வார்.

அந்தக் கடையில் யாரும் கிலோ சொல்லிக் கேட்பதில்லை. கேட்டாலும் அவர் எடுக்கமாட்டார். என்ன சமையல், எத்தனை பேருக்கு என்று இரண்டு கேள்விகள். அதற்குத் தகுந்தபடி அவரே எடுத்து வைப்பார். வத்தக்குழம்பு என்றால் சின்ன வெங்காயம் எத்தனை, புளி எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா பரித் என்றால் சுடுவதற்கேற்ற குண்டுக் கத்தரிக்காய் போகும். அதே நாளில் நான் எண்ணெய்க் கத்தரிக்காய் என்றால் எனக்குச் சின்னது வரும்.

விற்கமாட்டேன் என்று சொல்வதுதான் அவருடைய பெரிய குணம். "முருங்கக்கா மேல பாக்க நல்லாருக்கு அக்கா, உள்ள பூரா நார்" என்பார். கூடையில் வைத்திருப்பதை வேண்டாம் என்று சொல்ல ஒரு கடைக்காரருக்கு எவ்வளவு மனது வேண்டும்! அந்த மாதிரி நாட்களில் எனக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்துவிடும். யாரோ ஒருவர் என் அடுப்பைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்திருக்கிறார் என்ற நிறைவு.

ஆறு வருடத்தில் என் எண்ணிக்கை ஒருநாளும் மாறியதில்லை. ஆனாலும் தினமும் கேட்பார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "விருந்தாளி வந்திருந்தா? பத்தாமப் போச்சுன்னா எனக்குத்தானே அசிங்கம்?" என்றார்.

விருந்தாளி வந்ததில்லை.

ஒற்றைத் தக்காளி

கோர்படிக்கு வருவதற்கு முன் ஒன்றரை வருடம் இதே நகரத்தின் இன்னொரு பகுதியான கோந்த்வாவில் இருந்தேன். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்த புதிது. அங்கே ஒரு பெரிய குளிர்சாதனக் கடை. எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும். காய்களை நாமே எடுத்துப் போய் நிறுக்கக் கொடுக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். வரிசையில் என் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். நான் ஒரு தக்காளி, ஒரு கேரட், நான்கு பீன்ஸ் கொடுத்தேன். மறுநாள் ரசமும் பொரியலும், அவ்வளவுதான் தேவை. நிறுப்பவர் தக்காளியைத் தூக்கிப் பிடித்து, "ஏக் ஹி?" என்றார். ஒன்றேதானா என்று கேட்டார், கேலியாகக்கூட இல்லை. ஆனால் பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள். "சாம்பிளுக்கு எடுத்துப் போகிறார்களோ என்னவோ" என்று யாரோ ஹிந்தியில் சொன்னார்கள். தக்காளியில் ஒட்டிய விலைச் சீட்டு தக்காளியை விடப் பெரிதாக இருந்தது.

அன்றைய டைரியில் "தக்காளி 1, கேரட் 1, பீன்ஸ் 4" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். சிரிப்பை எழுதவில்லை.

கோர்படிக்குக் குடிவந்த மூன்றாம் நாள் முருகேசன் கடைக்குப் போனேன். சாம்பார் என்றேன். "எத்தனை பேருக்கு அக்கா?" என்றார். கடையில் இன்னும் நான்கு பேர் நின்றிருந்தார்கள். "ரெண்டு பேருக்கு" என்று வாய் சொன்னது.

பொய் என்று அப்போது தோன்றவில்லை. காலையில் ஒருத்தி, ராத்திரியில் ஒருத்தி என்று மனதுக்குள் கணக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் அடுத்த நொடியே, "சார் காரம் சாப்பிடுவாரா?" என்று கேட்டார்.

"கம்மியா" என்றேன்.

சார் அப்படித்தான் பிறந்தார்.

சாரைப் பற்றிய பக்கம்

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இதில் பெரிய கதை எதுவும் இல்லை. அப்பா சீக்கிரம் போய்விட்டார். தங்கைகள் இருவருக்கும் நான்தான் பார்த்துச் செய்தேன். அதெல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது எனக்கு வரன் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. தங்கைகள் நன்றாக இருக்கிறார்கள். பண்டிகைக்கு போன் செய்வார்கள்.

நான் பார்க்கும் வேலையைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் எழுதியிருக்கிறேன். ராணுவக் கிடங்கு ஒன்றில் இருப்பைச் சரிபார்ப்பது. பதிவேட்டில் நாற்பது கம்பளி என்று இருந்தால் அலமாரியில் நாற்பது இருக்க வேண்டும். முப்பத்தொன்பது இருந்தால் நான் தூங்கமாட்டேன். அப்படிப்பட்ட நான் ஒரு ஆளை அதிகமாக எழுதி ஆறு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

சும்மா ஓட்டவில்லை, ஒழுங்காக ஓட்டினேன். சொன்னதை மறந்து மாற்றிச் சொல்லிவிடக் கூடாதே என்று டைரியின் கடைசிப் பக்கத்தில் "சார்" என்று தலைப்பிட்டு எழுதி வைத்தேன். புது வருடத்து டைரி வாங்கியதும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைப் பிரதி எடுப்பேன். காரம் பாதி. சாக்கனில் கம்பெனி வேலை, பஸ் காலை ஆறு மணிக்கு. (முருகேசன் பை கொண்டுவரும்போது வீட்டில் இருக்கமாட்டார்.) ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி வரை தூங்குவார். பப்பாளி பிடிக்கும். பாகற்காய் ஆகாது.

இந்தக் கடைசி விஷயம் ஒரு மழைக்காலத்தில் நடந்தது. நான்காவது நாளாக பாகற்காய் எடுத்துப் போகச் சொன்னார் முருகேசன். எனக்கு அன்று கீரை வேண்டும். மறுக்கக் காரணம் தேடி, "சாருக்கு பாவக்கா ஆகாது" என்று சொல்லிவிட்டேன். அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கடையிலிருந்து என் வீட்டுக்கு ஒரு பாகற்காய்கூட வரவில்லை. "பாவக்கா வந்திருக்கு, உங்களுக்கு வேணாம்" என்று அவரே சொல்லி முடித்துவிடுவார்.

எனக்கு உலகத்திலேயே பிடித்த காய் பாகற்காய். நல்லெண்ணெயில் சுருள வதக்கி, கொஞ்சம் வெல்லம் தட்டிப் போட்ட புளிக்குழம்பு. காரமும் எனக்குத் தூக்கலாக வேண்டும். ஒருமுறை கேம்ப் மார்க்கெட்டில் ரகசியமாகக் கால் கிலோ வாங்கினேன். நறுக்கினால் உள்ளே எல்லாம் பழுப்பு. தூக்கிப் போட்டேன். அப்புறம் முயற்சி செய்யவில்லை. இல்லாத ஒருவருக்கு ஆகாது என்பதற்காக ஐந்து வருடம் பாகற்காய் இல்லாமல், பாதிக் காரத்தில் சாப்பிட்டேன். எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

பகலில் டப்பாவில் என் பங்கு அலுவலகத்துக்குப் போகும். ராத்திரி எட்டு மணிக்கு சாரின் பங்கைச் சாப்பிடுவேன். ஒன்றும் வீணாகாது.

எண்ணி வாங்கிய டப்பா

சுனந்தா முருகேசனின் மனைவி. மராத்திக்காரி. கல்யாணமாகி வந்து, மாமியாரிடம் தமிழ் கற்றுக்கொண்டவள். ஜனவரியில் சங்கராந்தி முடிந்ததும் இங்கே வீட்டுக்கு வீடு ஹல்தி-குங்கு நடக்கும். சுமங்கலிகளை அழைத்து மஞ்சள் குங்குமம் இட்டு, எள்ளுருண்டையும் ஏதாவது ஒரு சின்னப் பாத்திரமும் கொடுப்பார்கள். சுனந்தா ஒவ்வொரு வருடமும் என்னைக் கூப்பிடுவாள். நான் ஒவ்வொரு வருடமும் ஆடிட், ஜலதோஷம், ஊர் என்று தப்பித்துவிடுவேன்.

இந்த வருடம் திங்கட்கிழமை நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, புதன்கிழமை அஞ்சு மணி. ஆறு வருஷமா என்னை ஏமாத்துறீங்க. இந்தத் தடவை நான் டப்பாவை எண்ணி வாங்கிட்டேன், பதினொண்ணு. பதினொண்ணாவது உங்களது. நீங்க வரலேன்னா அது என் வீட்ல சும்மா உக்காந்து என்னையே பாத்துட்டு இருக்கும்."

எண்ணி வாங்கியதை மிச்சம் வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருகிறேன் என்றேன். உண்மையில் எனக்குப் போகவும் ஆசை. பத்துப் பெண்கள் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவதை நான் கடைசியாக எப்போது கேட்டேன் என்று டைரியைப் பார்த்தால்தான் தெரியும்.

புதன்கிழமை நான்கு மணிக்கு அலுவலகத்தில் அனுமதி வாங்கிக் கிளம்பினேன். அரக்கு நிறப் பட்டு கட்டினேன். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது படியேறினேன். முருகேசன் கீழே கல்லாவிலிருந்து, "அக்கா வந்தாச்சு!" என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஆம்பளைங்களுக்கு மேல எண்ட்ரி இல்ல. என் பங்கு சுண்டலையும் நீங்களே சாப்பிடுங்க" என்றார்.

பெயர்

சின்ன அறை. தரையில் ஜமுக்காளம். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். சுனந்தா ஒவ்வொருவர் நெற்றியிலும் மஞ்சளும் குங்குமமும் இட்டு, புறங்கையில் அத்தர் தடவினாள். எள்ளுருண்டை கொடுத்தாள். பிறகு சூடாக மசாலாப் பால், தாளித்த கொண்டைக்கடலை. கடலையில் தேங்காயும் கொத்தமல்லியும் சரியான அளவில் இருந்தன. அவளுக்கு வேறு எப்படி வரும், அந்தக் கடைக்காரரின் மனைவிக்கு?

நான் ஜன்னல் ஓரமாகக் கடைசியில் உட்கார்ந்தேன். பாதி மராத்தி புரிந்தது. புரியாத இடத்திலும் மற்றவர்கள் சிரிக்கும்போது சிரித்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அப்போதுதான் மங்கல் ஆரம்பித்தாள். சுனந்தாவின் எதிர்வீட்டுக்காரி, பருத்த உடம்பு, பெரிய குரல். "எல்லாரும் பேர் சொல்லுங்க!" என்று கை தட்டினாள்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. கணவன் பெயரை வெறுமனே சொல்லாமல், எதுகை வைத்த இரண்டு வரியில் கோத்துச் சொல்ல வேண்டும். மங்கல் தன் கணவர் ஒன்பது மணி வரை தூங்குவதைத் தோசைக்கல்லில் காயும் ரொட்டியோடு சேர்த்துச் சொன்னாள். எல்லோரும் உருண்டு சிரித்தார்கள். சுனந்தாவின் முறை வந்தது. எனக்காகத் தமிழிலேயே சொன்னாள்:

"கடையில் நிறுப்பது கிலோ கணக்கு,
முருகேசன் பேச்சு மட்டும் கணக்கில்லை எனக்கு!"

கீழேயிருந்து, "எல்லாம் கேக்குது!" என்று முருகேசன் கத்தினார்.

வரிசை என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஐந்து பேர், நான்கு பேர், மூன்று பேர். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. டைரியின் கடைசிப் பக்கம் முழுக்க எழுதி வைத்திருக்கிறேன், சாருக்குப் பெயர் வைக்கவில்லை. ஆறு வருடத்தில் யாரும் கேட்கவில்லை.

"அக்கா, சார் பேரு! தமிழ்லயே சொல்லுங்க, நான் இவங்களுக்கு அர்த்தம் சொல்றேன்" என்றாள் சுனந்தா.

மூன்று பெயர்கள் வாய் வரைக்கும் வந்தன. எதையும் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பாதிக் காரம் சாப்பிடுகிறவர், பப்பாளி பிடித்தவர் என்பதெல்லாம் வேறு. ஒரு பெயரைச் சொன்னால் அப்படி ஒரு மனிதர் உண்டு என்று நானே கையெழுத்துப் போட்டது போல ஆகிவிடும். இல்லாத கம்பளிக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை.

பால் தம்ளரைக் கீழே வைத்தேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன்: "எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் நான் ஒருத்திதான்."



மங்கல்தான் முதலில் பேசினாள். "அட, அப்படின்னா இவங்க குமாரிகா! கன்னிப் பொண்ணுக்குத்தானே முதல்ல குங்குமம் வைக்கணும்? கடைசில உக்கார வச்சுட்டியே சுனந்தா!"

அறையே சிரித்தது. அதில் கெட்ட எண்ணம் இல்லை. ஒருத்தி என் தலையில் ஒரு துண்டு மல்லிகையைச் செருகினாள். நரைத்த முடியில் அது நிற்காமல் தோளில் விழுந்தது. அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

சுனந்தா சிரிக்கவில்லை. என் பங்கு டப்பாவை என் கையில் கொடுத்தாள். உள்ளங்கை அளவு எவர்சில்வர் டப்பா. கிளம்பும்போது படி வரை வந்தாள்.

"அக்கா, அவரு தினம் காலைல மிளகாக் கூடையைக் கொட்டி, சாருக்குன்னு தடி மிளகாயாத் தேடித் தேடி எடுப்பாரு. நாலு மிளகாய்க்கு அஞ்சு நிமிஷம். நான்கூடத் திட்டுவேன்."

டப்பாவின் மூடியை அழுத்தி மூடினேன்.

"நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன், சுனந்தா."

"சீக்கிரம் சொல்லிடுங்க. மங்கல் வாய்க்குப் பூட்டு கிடையாது." பிறகு, "எனக்குக் கோவம்தான் அக்கா" என்றாள். என் தோளில் ஒட்டியிருந்த மல்லிகையை எடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கீழே கடையில் கூட்டம். ஐந்தாறு பேருக்கு நடுவே முருகேசன் ஒரு கிழவருக்குக் கீரை ஆய்ந்து கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "சுண்டல் எப்படி?" என்றார். "நல்லாருந்தது" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அங்கே வைத்துச் சொல்ல முடியவில்லை. தைரியம் வரவில்லை என்பதுதான் சரி.

எட்டு மணிக்கு சாரின் பங்கு மோர்க்குழம்பைச் சூடாக்கினேன். கொதிக்க விட்டுவிட்டேன் போலிருக்கிறது, திரிந்துவிட்டது. அதையே சாதத்தில் பிசைந்து சாப்பிட்டேன். நாளையிலிருந்து முருகேசன் என்ன முகத்தோடு பை கொண்டுவருவார்? கொண்டுவருவாரா? ஒரு நாளில் என்னிடம் யாராவது கேள்வி கேட்பது காலை ஆறரைக்கு மட்டும்தான். அது போய்விட்டால் ஒன்பது மணிக்கு அலுவலகக் கேட்டில் அடையாள அட்டை கேட்பவர்தான் முதல் மனிதக் குரல்.

டைரியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். நான் எந்த டைரியிலும் பக்கம் கிழித்ததில்லை. அளவுகோல் வைத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

வியாழக்கிழமை

ஐந்து பத்துக்கே எழுந்தேன். பால் காய்ச்சவில்லை, தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. ஆறு மணிக்குக் கடை திறப்பார் என்று தெரியும். கூடத்து நாற்காலியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறுக்கு போன் செய்தேன்.

"என்ன அக்கா, இவ்ளோ சீக்கிரம்? உடம்பு நல்லாருக்கா?"

"நல்லாருக்கேன்."

"சொல்லுங்க. இன்னைக்கு என்ன சமையல்?"

"பாவக்கா புளிக்குழம்பு."

"பாவக்காவா? சாருக்கு ஆகாதே?"

"சார்னு யாரும் இல்ல முருகேசன். எப்பவுமே இருந்ததில்ல. நான் ஒருத்திதான். மொத நாளு ரெண்டு பேருன்னு சொல்லிட்டேன். அப்புறம் மாத்தத் தெரியல."

அந்தப் பக்கம் யாரோ மராத்தியில் தேங்காய் கேட்டார்கள். முருகேசன் அவர்களை இருக்கச் சொன்னார். கடிகாரத்தில் நொடி முள் பதினொரு தடவை துடித்தது.

"அந்தத் தடி மிளகா?"

"நான்தான் சாப்பிட்டேன்."

"ஆறு வருஷமா?"

"ஆறு வருஷமா."

  கூடையை இழுக்கும் சத்தம், காய்களை ஒதுக்கும் சத்தம். அதற்கப்புறம் தினமும் கேட்கும் அதே குரலில்,

"எத்தனை பேருக்கு?" என்றார்.

"ஒருத்தருக்கு."

"ஒருத்தருக்குன்னா ரெண்டு காய் போதும். பிஞ்சாப் பாத்து எடுக்கறேன். உங்களுக்குக் காரம் எவ்ளோ அக்கா?"

அதை அவர் என்னிடம் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை. 

"முழுசா" என்றேன்.

அப்புறம்தான் பால் காய்ச்சினேன்.